கப்பல் அறையும் எக்ஸ்டென்ஷன் கோட்டும்: பயணக் குறிப்புக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழில் அண்மையில் வெளிவந்த உல்லாசக் கப்பல் பயணக் குறிப்பை, அதில் உள்ள நல்ல விடயங்களுக்காக இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் ஒரே இடத்தில் தடக்கி நின்றேன். கப்பல் அறைகளில் மின் சொக்கெட்டுகள் குறைவாகவே இருக்கும் என்றும், ஆகையால் குடும்பமாகச் செல்பவர்கள் சர்ஜ் பாதுகாப்புள்ள, அதாவது வோல்ட் திடீரென்று எகிறுவதைத் தடுக்கும், தரமான எக்ஸ்டென்ஷன் கோட் (பல சொக்கெட்டுள்ள நீட்டிப்பு வயர்) ஒன்றை மறவாமல் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். முதற்பாதி உண்மை. பிற்பாதியை நம்பி ஒருவர் பெட்டி அடுக்கினால், அந்தப் பொருள் கப்பலில் ஏறும் வாசலிலேயே பறிபோகும். தப்பித் தவறி உள்ளே போய்விட்டால் அது அதைவிடக் கேடு. அந்த வாசலில் தலைகுனிந்து நின்றவன் என்ற முறையிலும், ஆயுள் முழுவதும் வயரும் குறடுமாகத் திரிந்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

திருகோணமலையில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் வயரிங் செய்ததோடு, துறைமுகத்தை அண்டிய பட்டறைகளில் படகுகளுக்கும் சிறு கலங்களுக்கும் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகளின் குடும்பம் கனடாவில் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் எங்களைச் சிங்கப்பூருக்கு வரச்செய்து, அங்கிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்குக் கூட்டிச் சென்றார்கள். உட்துறைமுக வீதியில் நின்று வெள்ளைக் கப்பல்களை வேடிக்கை பார்த்தே பழகிய எனக்கு, அப்படியொன்றின் உள்ளே படுக்கக் கிடைத்தது அதுவே முதற்தடவை. கப்பலின் பெயரோ கம்பனியின் பெயரோ இங்கே தேவையில்லை. நடந்ததில் அவர்கள் பக்கம் பிழை எதுவும் இல்லை.

புறப்படுமுன் மனைவி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இவ்வளவத்தையும் அங்க எங்க குத்துறது?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் இருவரின் கைத்தொலைபேசிகள், மனைவியின் செவிப்புலன் கருவியை வைத்து மின்னேற்றும் பெட்டி, என் கமராவின் பற்றரி, எங்கள் அறையில் படுப்பேன் என்று அடம்பிடித்த பேரனின் டெப், அவனுடைய கைக்கடிகாரம், அவன் காதில் செருகிக்கொள்ளும் கருவி, இவை போதாதென்று ஒரு பவர் பாங்க் என மொத்தம் எட்டுப் பொருட்கள். மின்காரன் வீட்டில் இதற்குப் பதில் இல்லாமல் போகுமா? கடைத்தெருவுக்குப் போய், ஆறு சொக்கெட்டும் சர்ஜ் பாதுகாப்பும் உள்ள, இருந்தவற்றுள் விலை கூடிய எக்ஸ்டென்ஷன் கோட்டை வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

இந்த நம்பிக்கை எங்கள் ஊரில் சும்மா வந்ததன்று. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வாடைமழை பிடிப்பதற்கு முன்னர் மாலை நேரங்களில் இடிக்கும் இடியில் தொலைக்காட்சியையும் குளிர்சாதனப் பெட்டியையும் பறிகொடுத்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பறிகொடுத்தவர்களுக்கு சர்ஜ் பாதுகாப்புள்ள கோட்டை வாங்கச் சொல்லி நானே புத்தி சொல்லியிருக்கிறேன். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த காலத்தில், கரண்ட் வந்ததும் வீட்டிலுள்ள அத்தனை கருவிகளையும் ஒரே கோட்டில் வரிசையாகச் செருகி மின்னேற்றும் பழக்கமும் எல்லோருக்கும் கைவந்துவிட்டது. வீட்டில் கைகொடுத்த பழக்கம் கப்பலிலும் கைகொடுக்கும் என்றே யாரும் நினைப்பார்கள்.

சிங்கப்பூர் முனையத்தில் பெட்டிகளைக் கதிர்ப்படக் கருவிக்குள் விட்டார்கள். எல்லோருடைய பெட்டிகளும் அறை வாசலுக்கு வந்து சேர்ந்தன. என்னுடையதை மட்டும் காணவில்லை. மாலையில் அறைத் தொலைபேசி அடித்தது. கீழ்த்தளத்தில் ஒரு சிறிய அறைக்கு வரச் சொன்னார்கள். அங்கே ஒரு நீண்ட மேசை. அதன்மேல் உலகத்தின் பல திக்கிலிருந்தும் வந்த மின் அழுத்திகள், மின் கேத்தல்கள், சோறு சமைக்கும் ஒரு குட்டிக் குக்கர், அவற்றின் நடுவே பாம்புகள்போலச் சுருண்டு கிடந்த எக்ஸ்டென்ஷன் கோட்டுகள். பணியில் இருந்தவர் தூத்துக்குடிப் பக்கத்து இளைஞர். என் கோட்டைக் கையில் எடுத்து, அதிலிருந்த சிறிய பச்சை விளக்கையும் சர்ஜை எவ்வளவு தாங்கும் என்று பின்புறம் அச்சிடப்பட்டிருந்த ஜூல் அளவையும் காட்டி, "சார், வீட்டுக்கு இது நல்லது. கப்பலுக்குக் கூடாது" என்றார். துண்டு எழுதி, அறை இலக்கத்தைக் கட்டி, பயணம் முடிந்து இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகவே சொன்னார். நான் மின்வேலைகாரன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதே சரி.

படியேறி வரும்போதுதான் என் தொழில் ஆசானின் நினைவு வந்தது. பிரித்தானியக் கடற்படை 1957இல் இங்கிருந்து வெளியேறுவதற்கு முன்னர் டொக்யாட்டில் இளைஞராக வேலை பழகியவர் அவர். கப்பல் மின்பலகையில் மூன்று சிறிய விளக்குகள் வரிசையாக எரியும் என்றும், மூன்றும் ஒரே அளவில் எரிந்தால் சுகம், ஒன்று மங்கி மற்ற இரண்டும் பிரகாசித்தால் எங்கோ ஒரு வயர் கப்பலின் உடலைத் தொட்டுவிட்டது என்று பொருள் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். "வீட்டுக் கரண்ட் வேற, கப்பல் கரண்ட் வேற தம்பி, அங்க ரெண்டு கம்பியும் உயிர்தான்" என்பது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை. எனக்கு அது ஐம்பது ஆண்டுக்கு முந்திய பாடம். மறந்துபோய்விட்டேன்.

தங்கள் வாசகர்களுக்காக அந்தப் பாடத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாத தடையை எங்கள் ஆட்கள் மதிப்பது குறைவு. நம் வீடுகளுக்கு வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று உயிர்க்கம்பி, மற்றது நொதுமல் (நியூட்ரல்) கம்பி. தெருவோரத்து நிலைமாற்றியில் அந்த நொதுமல் கம்பியை நிலத்தோடு இணைத்திருப்பார்கள். அதனால் 230 வோல்ட் முழுவதும் உயிர்க்கம்பிக்கும் நிலத்துக்கும் இடையிலேயே இருக்கும். நொதுமல் கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே பெரும்பாலும் ஒன்றும் இராது. உயிர்க்கம்பி எங்காவது பிசகி உலோகத்தைத் தொட்டால் மின் நிலத்துக்கு ஓடும். ட்ரிப் சுவிட்ச் உடனே விழும். வீடு இருளும், ஆள் தப்புவான்.

கடலில் நிலம் ஏது? அங்கே நிலத்தின் இடத்தில் இருப்பது கப்பலின் உருக்கு உடல். பல கப்பல்களின் மின்விநியோகத்தில் எந்தக் கம்பியையும் அந்த உடலோடு வேண்டுமென்றே இணைப்பதில்லை. எங்கோ ஒரு மூலையில் ஒரு வயர் உடலைத் தொட்டுவிட்டது என்பதற்காக, நடுக்கடலில் சுக்கானைத் திருப்பும் இயந்திரமோ நீரை இறைக்கும் பம்பியோ நின்றுவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். முதல் பிசகு ஏற்பட்டாலும் எதுவும் விழாது, எதுவும் நிற்காது. ஆசான் சொன்ன விளக்கில் ஒன்று மங்கும், அவ்வளவுதான். பொறியியலாளர்கள் இடத்தைத் தேடிப்பிடித்துத் திருத்தும்வரை கப்பல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் நொதுமல் என்று நாம் அலட்சியமாகத் தொடும் கம்பிக்கும் அங்கே கப்பலின் உடலோடு ஒப்பிட்டால் வோல்ட் உண்டு என்பது இந்த ஏற்பாட்டின் மறுபக்கம்.

இனி, சர்ஜ் பாதுகாப்புள்ள கோட்டின் உள்ளே இருப்பதைப் பார்ப்போம். அதைத் திறந்தால், வரிஸ்டர் எனப்படும், சில்லறைக் காசு அளவான வில்லைகள் சில இருக்கும். கம்பிக்கும் கம்பிக்கும் இடையிலும், கம்பிக்கும் புவிக்கம்பிக்கும் (கப்பலில் இது உருக்கு உடலோடு சேரும்) இடையிலும் அவற்றைப் பற்றவைத்திருப்பார்கள். சாதாரண வேளையில் அவை மூடிய கதவு. மின்னலால் வோல்ட் திடீரென்று எகிறும் அந்த இமைப்பொழுதுக்கு மட்டும் கதவு திறந்து, வேண்டாத மின்னைப் புவிக்கு அனுப்பிவிட்டு மூடிக்கொள்ளும். கப்பலிலோ, வேறொரு தளத்தில், வேறொரு சமையலறையில் ஒரு கம்பி உடலைத் தொட்டுவிட்டால், மற்றக் கம்பிகளுக்கும் உடலுக்கும் இடையிலான வோல்ட் உயர்ந்து, பிசகு திருத்தப்படும்வரை மணிக்கணக்கில் அப்படியே நிற்கலாம். இமைப்பொழுதுக்காகச் செய்த வில்லை மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்குமா? அது கசியத் தொடங்கும், சுடும், சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகும். மலிவான கோட்டுகளில் உள்ள சுவிட்சும் சுற்றுடைப்பானும் ஒரு கம்பியை மட்டுமே வெட்டுகின்றன. மற்றக் கம்பியும் உயிராக இருக்கும் இடத்தில், நாம் அணைத்துவிட்டோம் என்று நினைத்துப் படுத்த பிறகும் உள்ளே மின் ஓடிக்கொண்டிருக்கலாம். அமெரிக்கக் கரையோரக் காவற்படை 2013ஆம் ஆண்டில் விடுத்த 03-13ஆம் இலக்கப் பாதுகாப்பு எச்சரிக்கை இந்த ஆபத்தைப் பற்றியதே.

நடுக்கடலில் தீ என்றால் என்ன என்பதைக் கிழக்குக் கரையாருக்கு விளக்க வேண்டியதில்லை. 2020 செப்டம்பரில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சங்கமன்கண்டிக்கு அப்பால் எரிந்ததையும், அடுத்த ஆண்டே எக்ஸ்பிரஸ் பேர்ள் கொழும்புக்கு வெளியே நாட்கணக்கில் எரிந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். அவை சார்ஜரால் வந்த தீயல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2019 செப்டம்பரில் கலிபோர்னியக் கரையோரம் எரிந்த கொன்செப்ஷன் என்ற சுழியோடிகள் படகில், கீழ்த்தளத்துப் படுக்கை அறையில் இருந்த 34 பேர் இறந்தார்கள். தீ மூண்ட காரணம் இன்னதென்று விசாரணையில் அறுதியிட முடியவில்லை. எனினும், இரவு முழுவதும் ஆளில்லாத கூடத்தில் மின்னேறிக்கொண்டிருந்த பற்றரிகள் ஆராயப்பட்ட சாத்தியங்களில் ஒன்று. படுக்கை அறையில் எட்டுப் பொருளைச் செருகிவிட்டு நீச்சல் தடாகத்துக்குப் போகும் வழக்கம் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் நினைக்கலாம்.

சரி, எட்டுப் பொருளுக்கும் நாங்கள் என்ன செய்தோம்? கோட்டுப் போன துக்கத்தில் இருந்த என்னை மருமகன் கேலி செய்யாமல், தன் பையிலிருந்து தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு சார்ஜரை எடுத்துத் தந்தார். ஒரு செருகி, அதில் நான்கு யூஎஸ்பி துளைகள், மொத்தம் 65 வாட். அவ்வளவுதான் தீர்வு. இது சொக்கெட்டைப் பெருக்குவதில்லை; கப்பலின் மின்சாரத்தை உள்ளேயே 5 வோல்ட்டாகவோ 9 வோல்ட்டாகவோ குறைத்து, மெல்லிய வயர் வழியே கருவிகளுக்குப் பங்கிடுகிறது. ஆகவேதான் கப்பல் கம்பனிகள் பொதுவாக இதைத் தடுப்பதில்லை. நான் திரும்பி வந்தபின், அதே 2024இல், ரோயல் கரிபியன் நிறுவனம் தன் கப்பல்களில் சர்ஜ் இல்லாத பல்முனைச் செருகிகளையும் தடைசெய்தது. யூஎஸ்பி துளைகள் மட்டும் உள்ளவற்றை விட்டுவைத்தது. வேறு சில நிறுவனங்களின் விதி இவ்வளவு கடுமையில்லை. சீட்டு வாங்கும்போதே, அந்தக் கப்பலின் தடைப்பொருள் பட்டியலைக் கேட்டுப் படித்துவிட வேண்டும்.

நம் ஆட்களுக்கு உள்ள பயம், ஒரு சிறிய சார்ஜர் எட்டுப் பொருளுக்குக் காணுமா என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருக்கும் கைத்தொலைபேசிப் பற்றரி முழுவதும் நிறைய ஏறத்தாழ 19 வாட் மணி மின் போதும். இரண்டு தொலைபேசி, ஒரு டெப், கமரா, கைக்கடிகாரம் முதலிய சில்லறைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும், பவர் பாங்க் நீங்கலாக, 80 வாட் மணியைச் சுற்றித்தான் வந்தது. 2,000 வாட் மின் கேத்தல் ஒன்று இரண்டரை நிமிடத்துக்குள் குடித்துவிடும் மின்சாரம் அது. கப்பலில் மின்சாரம் தாராளமாக இருக்கிறது. செருகும் துளைதான் பற்றாக்குறை. துளையின் வேகமும் ஒன்றுபோல் இராது. கட்டில் தலைமாட்டில் இருந்த யூஎஸ்பி துளை 5 வோல்ட், 1 அம்பியர், அதாவது வெறும் 5 வாட்; அதில் செருகிய தொலைபேசி இராச்சாப்பாட்டு நேரத்திலிருந்து நடுச்சாமம் வரை ஏறிக்கொண்டிருந்தது. அதே தொலைபேசி மருமகனின் சார்ஜரில் 20 வாட் துளையில் ஒன்றரை மணித்தியாலத்தில் நிறைந்தது.

புதிதாக வாங்குபவர்கள், யூஎஸ்பி சி வகைத் துளை குறைந்தது இரண்டாவது உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைத்தொலைபேசி, டெப் போன்றவற்றுக்கு இந்த ஒரே வகையைக் கட்டாயமாக்கிவிட்டதால், இனி வரும் கருவிகளில் பெரும்பாலானவை இதையே கேட்கும். ஆளுக்கொரு வயர் என்ற பழைய தொல்லையும் குறையும்.

செருகியின் வடிவம் வேறு தலைவலி. நம் நாட்டில் 13 அம்பியர் சதுர முள் செருகியே இப்போது தரம்; சிங்கப்பூரிலும் அதுதான், ஆகவே விடுதியில் எனக்கு ஒரு சிக்கலும் இருக்கவில்லை. கப்பல் அறையிலோ, மேசையருகே அமெரிக்கத் தட்டை முள்ளுக்கான 110 வோல்ட் சொக்கெட் இரண்டும், ஐரோப்பிய உருண்டை முள்ளுக்கான 220 வோல்ட் சொக்கெட் ஒன்றும் இருந்தன. எங்கள் சதுர முள் இரண்டிலும் ஏறாது. கனடா மருமகனின் தட்டை முள் உடனே ஏறியது; நான் கொண்டுபோயிருந்தால் ஒரு சிறிய அடப்டர் தேவைப்பட்டிருக்கும். அடப்டர் வாங்கும்போதும் உறையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்: சர்ஜ் என்றோ, ஜூல் என்றோ எழுதியிருந்தால் அதையும் மேசையில் பாம்புகளோடு படுக்க வைத்துவிடுவார்கள். இன்னொன்று: இரண்டு முள் செருகியைச் சதுரச் சொக்கெட்டில் ஏற்றுவதற்காக, மேலே உள்ள புவித் துளைக்குள் பேனா மூடியைக் குத்தித் திறக்கும் வித்தை நம் வீடுகளில் பிள்ளைகளுக்கும் தெரியும். அதை எந்தச் சொக்கெட்டிலும் செய்யாதீர்கள் என்று நான் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக் களைத்துவிட்டேன், கப்பலிலாவது கேட்கட்டும்.

110, 220 என்ற இரண்டு எண்களையும் கண்டு பயப்படத் தேவையில்லை. தொலைபேசி, மடிக்கணினி முதலியவற்றின் சார்ஜர்களில் பெரும்பாலானவற்றின் முதுகில் 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று பொடி எழுத்தில் இருக்கும்; அவை இரண்டிலும் ஓடும். சூடாக்கும் கருவிகளே சங்கடம். நம் 230 வோல்ட்டுக்குச் செய்த ஒன்றை 110இல் செருகினால் கால்பங்கு சூடும் வராது. மறுபுறம், கனடாவில் 120 வோல்ட்டுக்கென்று வாங்கியதை 220இல் செருகினால் புகையைத்தான் பார்க்கலாம். பேரனின் தாய், அதாவது என் மகள், முடி நேராக்கும் கருவியைக் கையில் எடுத்தபோது நான் வாங்கிப் பார்த்துவிட்டே திருப்பிக் கொடுத்தேன். கோட்டில் போன மரியாதையில் கொஞ்சம் அங்கே மீண்டது.

நான்கு துளைக்கு எட்டுப் பொருள் என்றால் முறை வைக்க வேண்டும். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் உபயகாரர் நாள் பிரித்துக்கொள்வதுபோல நாங்களும் பிரித்துக்கொண்டோம்: செவிப்புலன் கருவி இரவு முழுவதும், அதற்கு எவரும் போட்டியில்லை, தொலைபேசிகள் குளித்து உடுக்கும் நேரத்தில், கமராவும் டெப்பும் சாப்பிட்டு வந்து இளைப்பாறும் வேளையில். முதல் நாள் டெப்பைச் செருகிவிட்டுக் கரையிறங்கிப் போய் மாலையில் வந்து பார்த்தால், விட்ட இடத்திலேயே நின்றது. அறைக் கதவின் அட்டையைச் சுவரிலிருந்த பொருத்தியிலிருந்து எடுத்துவிட்டால் விளக்குகளோடு சொக்கெட்டுகளும் இறந்துவிடும் வகை அந்த அறை. வேறொரு அட்டையைச் செருகிவைத்துவிட்டுப் போகும் தந்திரத்தைப் பக்கத்து அறைக்காரர் சொல்லித் தந்தார். நான் செய்யவில்லை. ஆளில்லாத அறையில் எதுவும் மின்னேறாமல் இருப்பது எனக்குச் சம்மதமே.

மின்னேற்றும் தேவையைக் குறைக்கவும் வழி உண்டு. கரை மறைந்ததும் கைத்தொலைபேசி விடாமல் சிக்னல் தேடித் தேடியே பற்றரியைத் தின்றுவிடும். கப்பலில் ஏறியவுடன் விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட்டால் பற்றரி இருமடங்கு நின்றுபிடிப்பதை என் தொலைபேசியில் கண்டேன். கப்பலின் செய்மதி வழி வலையமைப்பில் தெரியாமல் இணைந்து, ஊர் வந்தபின் பெரிய பட்டியலைப் பார்த்து மயங்கும் ஆபத்தும் இல்லை.

உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்க்காக இரவில் முகமூடி இயந்திரம் போடுபவர்கள் நம்மிடையே கூடிவருகிறார்கள். அவர்களுக்குக் கட்டிலருகே மின் வேண்டும். சொக்கெட்டோ அறையின் மறுகோடியில் மேசையருகே இருக்கும். தாங்களே கோட்டைக் கொண்டுபோக முயலாமல், பதிவு செய்யும்போதே கப்பல் நிறுவனத்துக்குத் தெரிவித்தால், கப்பலுக்கு ஒவ்வும் வயரைப் பல நிறுவனங்கள் தாங்களே அறையில் வைத்துத் தருகின்றன. பயண முகவர் இதைக் கேட்கவேண்டும். எங்களிடம் எவரும் கேட்கவில்லை.

பவர் பாங்கைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பலுக்குப் போக இங்கிருந்து முதலில் விமானம் ஏறத்தானே வேண்டும்? அதைச் சரக்குப் பெட்டியில் போட முடியாது, கைப்பையில்தான் கொண்டுபோகலாம். 100 வாட் மணிக்கு மேற்பட்டால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. 20,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருப்பது 74 வாட் மணிதான், ஆகவே தடையில்லை. சிங்கப்பூர் எயர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் விமானத்துள் பவர் பாங்கைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டது.

இவற்றையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம், கப்பல் பயணம் இப்போது நம்மவர்களுக்கு எட்டாத விடயமாக இல்லை என்பதே. 2023இல் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை எனச் சுற்றிப் போனது. அதே ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் படகும் தொடங்கியது. எம்பிரஸ் 1990இல் கட்டப்பட்ட கப்பல். அந்தக் காலத்தில் அறையை வரைந்தவர்களின் மனதில் ஒரு முகச்சவர இயந்திரமும் ஒரு தலைமயிர் உலர்த்தியும் மட்டுமே இருந்திருக்கும். இன்று ஒரு பேரன் மட்டும் மூன்று கருவிகளோடு வருகிறான். பழைய கப்பல்களில் துளை குறைவது யாருடைய கஞ்சத்தனமும் அல்ல.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிவந்த குறிப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தி, சர்ஜ் பாதுகாப்புள்ள கோட்டுக்குப் பதிலாகப் பல துளைகளுள்ள யூஎஸ்பி சார்ஜர் என்று அடுத்த ஞாயிறு இதழில் வெளியிட்டால் நல்லது. நம் ஊர்ப் பயண முகவர்களுக்கும் ஒரு வார்த்தை: சீட்டோடு ஆங்கிலத்தில் தரும் பத்துப் பக்கத்தில் தடைப்பொருள் பட்டியல் எட்டாம் பக்கத்தில் ஒளிந்து கிடக்கிறது. அதை மட்டுமாவது தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். எழுதித் தருவதற்கு ஆள் இல்லையென்றால், நான் இருக்கிறேன், கூலி வேண்டாம். மின்பொருள் கடைக்காரர்கள், கப்பலுக்கு என்று சொல்லி எவராவது கோட்டுக் கேட்டால், வீட்டுக்கா கப்பலுக்கா என்று இரண்டாம் முறையும் கேட்டுவிட்டு எடுத்துக் கொடுக்கட்டும்.

என் கோட்டு பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. போன ஒக்டோபர் இடிக்கு எங்கள் தொலைக்காட்சி அதில்தான் தப்பியது. அறை இலக்கம் எழுதிய துண்டு அதில் இன்னமும் தொங்குகிறது. கழற்ற மனைவி விடுகிறார் இல்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மின்வேலைகாரர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.